நோய்க் காலத்தில் நூலகம்

ஓர் ஊருக்கு இன்றியமையாத இடங்கள் எவை என்று கேட்டால், மருத்துவமனை, நியாயவிலைக் கடை, அஞ்சலகம், பள்ளிக்கூடம், ஆலயம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவோம். நூலகத்தை அந்த வரிசையில் சேர்ப்பவர் சிலரே. அவர்களும் அதைக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். கொள்ளை நோய் வந்து ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த காலத்தில் இவ்வெண்ணம் வெளிப்படையாகவே தெரிந்தது. எதை எப்போது திறக்கலாம் என்று பட்டியல் போட்டபோது, நூலகம் அந்தப் பட்டியலின் அடியில் கிடந்தது. இது முறைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நோய் பரவாமலும், நூல் வழங்குவது நின்றுவிடாமலும் ஒரு பொது நூலகத்தை மீண்டும் இயங்கச் செய்ய முடியும் என்று நாங்கள் நம்புகிறோம். அதற்கான முறையை நோய் இல்லாத இந்த நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

கதவு மூடிய நாட்கள்

கொரோனா நோய் உலகெங்கும் பரவும் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11-ஆம் நாள் கூறியது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு வந்தது. பள்ளிகளைப் போலவே பொது நூலகங்களும் மூடப்பட்டன. நாங்கள் அப்போது நான்காம் வகுப்புச் சிறுமியர். முழு ஆண்டுத் தேர்வு எழுதாமலேயே ஐந்தாம் வகுப்புக்குத் தேறியவர்கள் நாங்கள். அந்த நாட்களில் மூடியதைக் குறை கூற நாங்கள் வரவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்பதே சரியாகத் தெரியாத வேளையில் எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்னது நியாயமே.

ஆனால் அதற்குப் பின் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2020 மே 7-ஆம் நாள், சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. உயர் நீதிமன்றம் அவற்றை மூடச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்ததும், அதே மாதத்தில் கடைகள் மறுபடி திறந்ததும் நாடறிந்த செய்தி. பொது நூலகங்கள் திறந்ததோ செப்டம்பர் மாதத்தில். குடும்பங்களைக் குலைக்கும் ஒரு பொருளை விற்பதற்குத் தரையில் வட்டம் போட முடிந்தது. மூங்கில் கட்ட முடிந்தது. வரிசையில் ஆள் நிற்க இடைவெளி அளக்க முடிந்தது. அதே வட்டத்தை ஒரு கிளை நூலகத்தின் வாசலில் போட்டு, ஜன்னல் வழியே புத்தகம் கொடுக்க அந்த நான்கு மாதங்களில் ஏன் முடியவில்லை? இக்கேள்வியை யார் மீதும் கோபம் கொண்டு நாங்கள் கேட்கவில்லை. விடை தெரிந்தால் அடுத்த முறை வேறு விதமாகச் செய்யலாம் அல்லவா?

"நான்கைந்து மாதம் நூலகம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?" என்று சிலர் கேட்கலாம். வீட்டிலேயே அலமாரி நிறையப் புத்தகம் உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் நூலகத்தை நம்பியிருப்போர் யார் என்று பாருங்கள். அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் இருக்கிறார்கள். வீட்டில் தனி அறை இல்லாததால் அவர்களுக்கு நூலகத்து மேசைதான் படிப்பறை. நாளிதழ் வாங்கக் காசு செலவிட முடியாத முதியவர்கள் காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து காத்திருப்பார்கள். பள்ளி மூடிவிட்டால் பாடப் புத்தகம் தவிர வேறு எழுத்தையே பார்க்க வழியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். "கைப்பேசியில் படிக்கலாமே" என்பார்கள். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். படிக்க வேண்டிய பிள்ளைகள் மூவர். இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ உண்டு என்பதை இந்த மலரைப் படிக்கும் பெற்றோரே அறிவார்கள்.

பழைய அச்சம்

புத்தகம் நோயைக் கொண்டு வரும் என்ற அச்சம் இன்று நேற்று வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நூலகப் புத்தகங்களைக் கண்டு மக்கள் நடுங்கினார்கள். பெரியம்மையும் காசநோயும் செங்காய்ச்சலும் தாள்களில் ஒட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் என்று எண்ணினார்கள். நோயாளியின் வீட்டிலிருந்து வந்த நூல்களுக்குப் புகை போட்டார்கள். சில இடங்களில் தீயிட்டும் கொளுத்தினார்கள். தொற்று நோய் உள்ளவர்கள் பொது நூலகப் புத்தகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனில் 1907-இல் சட்டமே வந்தது. ஆண்டுகள் பல சென்ற பிறகு, அவ்வளவு அச்சத்துக்குத் தேவையில்லை என்று தெளிந்தார்கள். அதற்குள் எத்தனை நூல்கள் வீணாகச் சாம்பலாயினவோ!

நம் காலத்தில் ஒரு நன்மை உண்டு. அச்சத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் வசதி நமக்கு இருந்தது. 2020 மார்ச் மாதம் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, இந்த வைரஸ் அட்டையின் மேல் ஒரு நாளும் பிளாஸ்டிக்கின் மேல் மூன்று நாட்கள் வரையும் உயிரோடிருக்கக் கூடும் என்று காட்டியது. அமெரிக்க நூலகங்களுக்காகவே 'ரெல்ம்' என்ற பெயரில் ஒரு தனி ஆய்வுத் திட்டம் தொடங்கினார்கள். நூலின் மேலட்டை, மூடிய நூலின் உள்தாள், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றின் மேல் வைரஸை வைத்து நாள்தோறும் சோதித்தார்கள். தனித்தனியாகப் பரப்பி வைத்த பொருள்களில் மூன்று நாட்களுக்குப் பின் அதைக் காண முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துச் சோதித்தபோதோ ஆறு நாட்களுக்குப் பின்னும் அது தென்பட்டது!

இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். நூலகத்தில் வேலை செய்பவருக்கு இது பெரிய செய்தி. திரும்பி வந்த புத்தகங்களை மூலையில் குவித்துவிட்டு "மூன்று நாள் ஆயிற்று" என்று நாளை மட்டும் எண்ணினால் போதாது. பரப்பி வைக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையால்தான் தெரிய வந்தது. இங்கிலாந்தில் 2020 ஜூலை 4 முதல் நூலகங்களைத் திறக்கலாம் என்று அனுமதித்தபோது, திரும்பி வரும் நூல்களை 72 மணி நேரம் தனியே வைத்த பிறகே அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். கிருமிநாசினியைப் புத்தகத்தின் மேல் தெளிப்பதைவிட இது நல்ல வழி. ஈரம் பட்டால் தாள் உப்பும், மை கலங்கும், கட்டு விட்டுப் போகும். காற்றோட்டமான இடத்தில் சும்மா வைத்திருப்பதற்குச் செலவும் இல்லை, சேதமும் இல்லை.

புத்தகமா, மூச்சுக் காற்றா?

ஓராண்டு கழிந்ததும் அறிவு இன்னும் தெளிந்தது. கிருமி பட்ட பொருளை ஒரு முறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கூறியது. நோய் பெரும்பாலும் பரவியது மூச்சுக் காற்றினால்தான். மூடிய அறை, பலர் கூடும் இடம், நெடுநேரம் இருப்பது ஆகிய மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து மிகுதி என்பது உறுதியாயிற்று. அதன்பின் பல நூலகங்கள் புத்தகங்களைத் தனியே வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டன.

இதிலிருந்து நாங்கள் கற்கும் பாடம் இரண்டு. புதிய நோய் ஒன்று வரும்போது கடுமையான விதியோடு தொடங்கி, சான்று கிடைக்கக் கிடைக்க விதியைத் தளர்த்த வேண்டும் என்பது முதற்பாடம். நேற்றுச் சொன்ன விதியை இன்று மாற்றினால் மக்கள் சிரிப்பார்களே என்று கூசக் கூடாது. புதிய உண்மை தெரிந்த பிறகும் பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கூசத்தக்கது.

நூலகம் என்பது ஒரே பணி அன்று என்பது இரண்டாம் பாடம். நூல் இரவல் கொடுப்பது ஒரு பணி. உட்கார்ந்து படிக்க இடம் தருவது வேறொரு பணி. முன்னது இரண்டு நிமிட வேலை. அதை வாசலிலேயே முடித்துவிடலாம். பின்னதில்தான் பலர் ஒரே அறையில் மணிக்கணக்கில் மூச்சு விடுகிறார்கள். இரண்டாவதில் ஆபத்து இருக்கிறது என்பதற்காக முதலாவதையும் நிறுத்தியதுதான் பிழை என்று எங்களுக்குப் படுகிறது. சமையலறைக் குழாய் ஒழுகினால் தெருக் குழாயையுமா அடைப்போம்?

எல்லா நூலகத்துக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பல மாடிகள் கொண்ட, குளிர்சாதன வசதியுள்ள பெரிய கட்டடம். ஊர்ப்புற நூலகமோ பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமே. பெரியதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். சிறியதைப் பார்த்து இரக்கப்படுகிறோம். ஆனால் காற்றால் பரவும் நோய்க் காலத்தில் நான்கு ஜன்னல்களும் திறந்த தாழ்வாரமும் உள்ள சிற்றூர் நூலகமே விரைவில் திறக்கத் தகுந்தது. தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. அவற்றையெல்லாம் ஒரே நாளில் மூடி ஒரே நாளில் திறப்பதைவிட, அறையின் காற்றோட்டத்தையும் அந்தப் பகுதியில் நோயின் நிலையையும் பார்த்துத் திறப்பதே அறிவுடைமை.

நான்கு படிகள்

திறப்பது என்பது ஒரே நாளில் பூட்டைக் கழற்றுவது ஆகாது. மாடிப்படி ஏறுவது போல ஒவ்வொன்றாக ஏற வேண்டும். எங்கள் எண்ணத்தில் தோன்றிய படிகளை இங்கே எழுதுகிறோம்.

முதற்படியில் கதவு மூடியே இருக்கும். ஆனால் நூலகர் உள்ளே இருப்பார். உறுப்பினர்கள் தொலைபேசியில் ஐயம் கேட்கலாம். எந்த நூல் இருக்கிறது, எது இல்லை என்று அவர் சொல்லுவார். வீட்டில் தங்கிப்போன நூல்களுக்குத் தவணை தானாகவே நீளும். ஊரடங்கு நாளுக்குத் தாமதக் கட்டணம் கேட்கக் கூடாது. நியூயார்க் நகரப் பொது நூலகங்கள் 2021 அக்டோபரில் தாமதக் கட்டணத்தையே அடியோடு எடுத்துவிட்டன. கட்டணத்துக்கு அஞ்சி ஏழைகள் நூலகத்துக்கு வராமல் போகிறார்கள் என்பதே அவர்கள் கூறிய காரணம். நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், நோய்க் காலத்திலாவது அக்கட்டணத்தை விட்டுவிடலாமே!

இரண்டாம் படி ஜன்னல் வழி இரவல். நூலின் பெயரை முன்னதாகச் சொல்லி வைத்தால் நூலகர் எடுத்துக் கட்டி வைப்பார். உறுப்பினர் குறித்த நேரத்தில் வந்து, வட்டத்தில் நின்று, வாங்கிச் செல்வார். திருப்பித் தரும் நூலைத் தனிப் பெட்டியில் தாமே போடுவார். நாளுக்கொரு பெட்டி வைத்துக் கிழமையை எழுதி ஒட்டிவிட்டால், எது எப்போது வந்தது என்ற குழப்பம் வராது. பெட்டியிலிருந்து எடுத்த நூல்களை மேசையில் பரப்பி வைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. நியூயார்க்கில் நோய் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதை உலகமே கண்டது. அந்த நகரிலேயே பொது நூலகம் 2020 ஜூலை 13-ஆம் நாள் எட்டுக் கிளைகளை மட்டும் திறந்து, முன்னரே கேட்டு வைத்த நூல்களை வாசலில் கொடுக்கத் தொடங்கியது. எட்டில் பழகிய பிறகே மற்றக் கிளைகளுக்குச் சென்றார்கள். இதுவன்றோ முறை!

மூன்றாம் படியில் சிலர் மட்டும் உள்ளே வரலாம். இருபது பேர் உட்காரும் அறையில் ஐந்து பேர். ஆளுக்கு அரை மணி நேரம். எல்லாரும் முகக்கவசம் அணிய வேண்டும். ஜன்னல்கள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும். நாளிதழ்களை அறைக்குள் வைக்காமல் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ வைத்தால் முதியவர்கள் அச்சமின்றிப் படிப்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் காலையில் பாதிப் பேர், மாலையில் பாதிப் பேர் என்று முறை வைக்கலாம்.

நான்காம் படியில்தான் படிப்பகம் முழுவதும் திறக்கும். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரமும் வாசகர் வட்டக் கூட்டமும் அப்போது தொடங்கும். அவற்றையும் முதலில் திறந்த வெளியில் நடத்துவது நல்லது.

ஏறுவதற்குப் படி இருப்பது போல இறங்குவதற்கும் இருக்கிறது. 2021-இல் இரண்டாம் அலை வந்தபோது நூலகங்கள் மறுபடி முற்றிலும் மூடப்பட்டன. படிமுறை வகுத்திருந்தால் நான்காம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கியிருக்கலாம். நிலைமை மிகக் கொடியதாக இருந்த வாரங்களில் முதற்படியில் நின்றிருக்கலாம். அடியோடு நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

தடுக்கப்பட்டவர்கள்

எங்கள் மனத்தை மிகவும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், நீண்டகால நோயுள்ளவர்கள், கருவுற்ற தாய்மார், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வெளியே வர வேண்டாம் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறின. அது அவர்களின் உயிரைக் காக்கச் சொன்ன சொல். அதை மறுப்பார் யாருமில்லை. ஆனால் சற்றே சிந்தியுங்கள். நாள் முழுவதும் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியவர்கள் இவர்கள்தாம். ஆகவே புத்தகம் மிகுதியாகத் தேவைப்பட்டவர்களும் இவர்களே. வெளியே நடமாட முடிந்தவருக்கு நூலகம் திறந்தது. நடமாடக் கூடாதென்று சொல்லப்பட்டவருக்குத் திறந்த நூலகமும் மூடிய நூலகமும் ஒன்றுதான்.

"வராதே" என்று ஒருவரிடம் சொன்னால், "நான் கொண்டு வந்து தருகிறேன்" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் சமையற்கட்டுக்கு வராதே என்கிறோம். கஞ்சியை அறைக்கே கொண்டு போய்க் கொடுக்கிறோம். நூலகத்திலும் அதுதான் முறை. தடை மட்டும் போட்டு, மாற்று வழி செய்யாமல் விடும் திட்டம் பாதித் திட்டமே.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. மன்னார்குடிப் பக்கம் 1931-ஆம் ஆண்டிலேயே மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். காரோ கணினியோ இல்லாத காலத்தில் ஒரு ஜோடி மாடு செய்த வேலையை இன்று நம்மால் செய்ய முடியாதா? தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறையின் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று நூல் கொடுக்கிறார்கள். நோய் வந்த நாளில் இந்தத் தொண்டர்களே நூலகத்தின் கால்கள் ஆவார்கள். இத்திட்டத்தை நல்ல நாளில் வளர்த்து வைத்தால்தான் கெட்ட நாளில் கைகொடுக்கும்.

நம் திருச்சபை வரலாற்றிலும் இதற்கோர் அழகிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளை நோய் தாக்கியது. மக்கள் ஆலயத்தில் கூடினால் நோய் பரவும் என்பதால் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. அந்நகரின் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயு, மக்கள் வர முடியவில்லை என்று திருப்பலியை நிறுத்திவிடவில்லை. தெருச் சந்திகளில் பீடங்கள் அமைக்கச் செய்தார். மக்கள் தத்தம் ஜன்னலில் நின்றபடியே திருப்பலியில் பங்கு கொண்டார்கள். மக்களின் உடல் நலத்தையும் அவர் விடவில்லை. ஆன்ம நலத்தையும் விடவில்லை. இரண்டையும் காக்கும் வழி எது என்று தேடினார். கண்டுபிடித்தார். நூலகத்துக்கும் அந்த மனந்தான் வேண்டும்.

சில மறுப்புகள்

"நூலகரின் உயிர் உயிரில்லையா?" என்று கேட்கலாம். மிக நியாயமான கேள்வி. எங்கள் திட்டத்தில் முதலில் காக்கப்பட வேண்டியவர் அவரே. ஊர்ப்புற நூலகங்களில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் படுத்துவிட்டால் நூலகமும் படுத்துவிடும். ஆகையால் அவருக்கு நல்ல முகக்கவசம், திறந்த ஜன்னலருகே இருக்கை, காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு விடுப்பு ஆகியவை முதற்படிக்கும் முந்திய படி. பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கும் இவையெல்லாம் கிடைக்க வேண்டும். 2021 ஜனவரி 16-ஆம் நாள் நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது மருத்துவப் பணியாளர்களுக்கும், பின்னர் காவல், துப்புரவு முதலிய முன்களப் பணியாளர்களுக்கும் முதலிடம் தந்தார்கள். அது சரியே. அடுத்த முறை அத்தகைய வரிசை போடும்போது, நாள்தோறும் பலர் கையிலிருந்து நூல் வாங்கும் நூலகரையும் நினைக்க வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. நாங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை பெட்டி, கயிறு, சுண்ணாம்பு வட்டம், திறந்த ஜன்னல் ஆகியவைதாம். விலையுயர்ந்த கருவி எதையும் நாங்கள் கேட்கவில்லை. மேலும் 1948-இல் நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. நம் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் கட்டும் ரசீதைப் பார்த்தால் அது தெரியும். ஆகவே நூலகம் யாரோ நமக்குச் செய்யும் தருமமன்று. நாம் வரி கொடுத்து வைத்திருக்கும் நம் பொருள். அதைப் பாதுகாப்பாகத் திறந்து வைக்கக் கேட்பது நம் உரிமை. திறந்திருக்கும்போது விதிகளுக்கு அடங்கி நடப்பது நம் கடமை.

"எல்லாம் முடிந்த கதை, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்றும் சிலர் சொல்லலாம். உலகளாவிய அவசர நிலை முடிந்தது என்று 2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கூறியது உண்மை. அவசர நிலை முடிந்தது என்றார்களே தவிர, இனிமேல் எந்த நோயும் வராது என்று யாரும் உறுதி கூறவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே கூரை வேய்கிற மக்கள் நாம். நனைந்துகொண்டே ஓலை தேடுவது நமக்குப் பழக்கமில்லை.

எங்கள் வேண்டுகோள்

ஒவ்வொரு பொது நூலகத்திலும் ஒரே பக்கத்தில் எழுதிய நோய்க் காலத் திட்டம் ஒன்று அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டும். எந்தப் படியில் என்ன கிடைக்கும், யார் வரலாம், வர முடியாதவருக்கு நூல் எப்படி வரும், எந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். வாசகர் வட்டத்தில் உறுப்பினராக உள்ள பெற்றோர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகள் பிரிவில் எது முதலில் வேண்டும் என்று எங்களைக் கேட்டால் நாங்கள் சரியாகச் சொல்வோம்.

நம் பள்ளி நூலகத்துக்கும் இத்தகைய ஒரு பக்கம் எழுதி வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அருட்சகோதரியர் அனுமதித்தால், அதன் முதல் வரைவை எங்கள் வகுப்பே எழுதித் தரும். நூல்களைக் கட்டி வைக்கவும், பெட்டிகளுக்குக் கிழமை எழுதி ஒட்டவும், அருகிலிருக்கும் முதியவர்களின் வீட்டு வாசலில் நூலை வைத்துவிட்டு வரவும் கைகள் வேண்டுமே! அந்தக் கைகள் எங்களிடம் இருக்கின்றன.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். நூல்களைப் பூட்டிக் காப்பதைவிட, மக்கள் கைக்குப் போய்ப் பயன்படச் செய்வதே நூலகத்தின் வேலை என்பது அவர் முதல் விதியின் கருத்து. ஆகஸ்ட் 12-ஆம் நாள் அவர் நினைவாக நூலகர் நாள் கொண்டாடுகிறோம். அதற்கு இரண்டு நாள் முன்னதாக, ஆகஸ்ட் 10-ஆம் நாள், நூலகர்களின் பாதுகாவலராகிய புனித லாரன்ஸின் திருநாள். திருச்சபையின் செல்வங்களைக் கொண்டு வா என்று ஆளுநன் கட்டளையிட்டபோது, ஏழைகளைக் கூட்டி வந்து நிறுத்தி, இவர்களே அச்செல்வம் என்று அவர் கூறியதாக மரபு. நூலகத்தின் செல்வம் அலமாரியில் உள்ள நூல்கள் என்று எண்ணினால் கதவைப் பூட்டுவது எளிது. வாசலில் காத்திருக்கும் முதியவரும், மேசை தேடும் அண்ணனும், அடுத்த கதைப் புத்தகம் எப்போது வரும் என்று கேட்கும் சிறுமியும் அதன் செல்வம் என்று எண்ணினால், ஒரு ஜன்னலையாவது திறக்க வழி தேடுவோம்.

வரும் ஆகஸ்ட் மாதத்துக்குள் நம் ஊர் நூலகத்து அறிவிப்புப் பலகையில் அந்த ஒரு பக்கம் தொங்க வேண்டும். அதைக் காண வேண்டும் என்பதே எங்கள் அவா.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு